என் தேனுக்கு டாக்டர் சுலைமான் சொன்ன ‘முடியாதுங்க’

வெள்ளகோவிலுக்கு வெளியே ஒரு முருங்கைத் தோட்டத்தில் தேன்பெட்டியைத் திறந்து வைத்திருந்தபோது செய்தி வந்தது. “பல் டாக்டர் போயிட்டாருங்க” என்றார் போனில், காந்திபுரத்தில் என் தேனை விற்கும் கடைக்காரர் முத்துசாமி. திறந்த பெட்டியை அப்படியே விட்டுவிட்டு நகர முடியாது. முகவலைக்குள் கையை விட்டுக் கண்ணைத் துடைக்கவும் முடியாது.

டாக்டர் சுலைமானிடம் போனவர்களுக்கு அவர் வழக்கம் தெரியும். நம் வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சை வைத்த பிறகுதான் பேச்சை ஆரம்பிப்பார். நான் பள்ளியைப் பாதியில் விட்டவன். தேனீயிடம் கொட்டு வாங்கியே எல்லாவற்றையும் கற்றேன். தேன் வாய்க்கிருமியைக் கொல்லும் என்று முதல் நாளே அவரிடம் சொன்னேன். “அப்புறம் ஏனுங்கண்ணா, தேன்காரரு கடவாய்ப் பல்லுல இவ்ளோ பெரிய ஓட்டை?” என்றார். என்னிடம் பதில் இருந்தது. வாயில் பஞ்சும் இருந்தது. வேலை முடிந்ததும் பஞ்சை எடுத்துவிட்டு, “இப்பச் சொல்லுங்க” என்று காத்திருப்பார். அதற்குள் நாக்கு மரத்துப்போயிருக்கும்.

நான் விடவில்லை. சோதித்துப் பார்க்கச் சொன்னேன். அவர் பாடம் நடத்திய கல்லூரியில், என் பல்லிடுக்கில் சுரண்டிய கிருமியையே ஒரு தட்டில் வளர்த்தார். டாக்டருக்குக் கொடுப்பதாயிற்றே என்று, கடைக்கு அனுப்புவதுபோல் நன்றாகச் சூடேற்றி வடிகட்டிய தேனைக் கொண்டுபோனேன். கிருமி அதைச் சட்டை செய்யாமல் வளர்ந்தது.

“சூடு பண்ணுனா அதோட வேகம் போயிருமுங்க. தேனீ குடுத்த மாதிரியே கொண்டாங்க.”

அடுத்த முறை பச்சைத் தேன். துளியைச் சுற்றிக் கிருமியே இல்லாத தெளிந்த வட்டம். இருவரும் தட்டின் மேல் குனிந்து சிரித்தோம்.

இனிப் பச்சைத் தேனையே கடைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லி, பாட்டிலில் அச்சடிக்க அவர் பெயரில் ஒரே ஒரு வரி கேட்டேன்.

“முடியாதுங்க.”

“ஏனுங்க, உங்க கண்ணால பாத்ததுதானுங்களே?”

“தட்டுல செத்துச்சுங்க. வாயில எச்சில் ஓடும், தேன் கரைஞ்சுரும். சக்கரை பல்லுல ஒட்டிக்கும். நீங்களும் தேன ருசி பாத்ததும் வாயக் கொப்புளிச்சுப்போடுங்க.”

பயந்தாங்கொள்ளி என்றேன்.

“ஊரார் பல்லையெல்லாம் புடுங்கறவன் பயந்தாங்கொள்ளியா? வாயத் தொறங்க.”

வருடக்கணக்கில் மன்னிக்கவில்லை. ஆனாலும் வேறு டாக்டரிடம் போகவும் இல்லை.

துக்கம் கேட்டுத் திரும்பும்போது முத்துசாமி என் காதருகே வந்தார். “இனி டாக்டர் சோதிச்ச தேன்னு போட்டுப்போடலாமுங்க. இல்லைன்னு சொல்ல யாரு இருக்கறா?”

நான் இருக்கிறேன். அதுதான் கொடுமை. அவர் மறுத்ததைக் கேட்ட ஒரே ஆள் நான். அந்த மறுப்பை இன்றும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் தேனைப் பற்றி எனக்குத் தெரியும். அவர் மறுப்பை அழிக்க லேபிளில் ஒரு வரி போதும், எழுதினால் விற்பனையும் கூடும். ஆனால் நான் பதில் சொல்லட்டும் என்று அவர் கடைசியில் பஞ்சையாவது எடுத்துவிடுவார். நான் அச்சடித்தால் அவர் எப்படிப் பதில் சொல்வார்?

“பழைய லேபிளே இருக்கட்டுங்க” என்றேன். முத்துசாமிக்கு வருத்தம். எனக்கு அவரைவிட அதிகம்.

டாக்டர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்த ‘முடியாதுங்க’தான். அதை எதிர்த்துக்கொண்டே காவல் காக்கிறேன். இன்று காலையும் ஒரு பெட்டியில் ருசி பார்த்தேன். தண்ணீர்க் குழாயடிக்குப் போய், கோபத்தோடுதான் வாய் கொப்பளித்தேன்.