பட்டாளத்தில் இல்லாத என் தம்பி

"தேடறதும் ஒரு உத்தியோகந்தான் அம்மிணி. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ரிட்டயர்மெண்டும் கிடையாது." இதை எனக்கு முதன்முதலில் சொன்னவர் லோகாம்பாள் அக்கா. எழுபத்திரண்டாம் வருஷம், பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. அவர் வீட்டுக்காரர் சீனாச் சண்டைக்குப் போய்த் திரும்பாதவர். பத்து வருஷமாக அக்கா அந்த உத்தியோகத்தில் இருந்தார். நான் அன்றைக்குத்தான் சேர்ந்தேன்.

என் தம்பி நல்லமுத்துவை ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி, தோட்டத்துக் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்க விட்டுவிட்டார் எங்களைப் பெற்ற அய்யன். பத்தொன்பது வயதில் அவரோடு ஒரு சண்டை. ஒரு சட்டையோடு கிளம்பிப் போய்விட்டான். பிறகு எனக்கு மூன்று கடிதம் வந்தது. "பட்டாளத்தில் சேர்ந்துவிட்டேன். நீ பதில் போடாதே, மேலே இருக்கிறவர்கள் படிப்பார்கள். நானே எழுதுகிறேன்" என்று முதல் கடிதம். இரண்டாவதில் மிடுக்கான உடுப்போடு ஒரு போட்டோ. மூன்றாவதில், "சித்திரைக்கு லீவில் வாரேன்." அதற்குள் எழுபத்தொன்றாம் வருஷச் சண்டை வந்தது, முடிந்தது. கடிதம் நின்றுபோனது. உங்களில் யார் வீட்டிலாவது தபால்காரர் வருகிற நேரத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் நின்றவர்கள் இருந்தால், அவர்களுக்கு மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை.

இருந்தால்தானே காணாமல் போக

தனியாக ஆபீஸ் படி ஏற எனக்குப் பயம். நானும் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. துணைக்கு வந்தவன் எங்கள் பெரியப்பா மகன் கந்தசாமி. நல்லமுத்துவுக்கு ஒத்த வயது, இரண்டு பேரும் ஒரே வட்டிலில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். திருச்செங்கோட்டில் லாரியில் கிளீனராக இருந்தான். "நான் கூட வாரேனுங்க்கா" என்று லீவு போட்டுவிட்டு வந்தான்.

பட்டாளத்துக்காரர்கள் குடும்பத்துக்கென்று சேலத்தில் ஓர் ஆபீஸ் உண்டு. தம்பி பெயர், அய்யன் பெயர், ஊர், தாலுக்கா எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். கூட வந்தவர் ஒரு கையெழுத்துப் போடட்டும் என்றார் குமாஸ்தா. திரும்பிப் பார்த்தால் கந்தசாமியைக் காணோம். டீ வாங்கி வரப் போயிருந்தான். அன்றைக்கு மட்டுமில்லை. பின்னால் ஏறி இறங்கின ஒவ்வொரு ஆபீஸிலும், கையெழுத்து என்ற வார்த்தை வந்ததும் அவனுக்கு டீ ஞாபகம் வந்துவிடும். நானும், தங்கமான பிள்ளை என்று அந்த டீயைக் குடித்துக்கொண்டே இருந்தேன்.

எட்டு மாதம் கழித்துப் பதில் வந்திருந்தது. குமாஸ்தா நல்ல மனுஷர். இரண்டு தரம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏனுங்கம்மா, காணாமப் போகணும்னா மொதல்ல அங்க இருக்கோணுமில்லீங்க? இந்தப் பேர்ல, இந்த ஊர்ல இருந்து பட்டாளத்துல ஆளே சேரலைன்னு எழுதியிருக்காங்க."

ஜங்ஷன் வேலை

போட்டோ கையில் இருக்கிறது, உடுப்புத் தெரிகிறது, ஆளே இல்லை என்கிறார்கள். லோகாம்பாள் அக்காவிடம் போய் அழுதேன். "காயிதத்தை நம்பாதே, கண்ணை நம்பு. போட்டோவை எடுத்துக்கிட்டு ஜங்ஷனுக்குப் போ" என்றார். என் வீட்டுக்காரர் ரயில்வே என்பதால் கேட்டில் யாரும் தடுக்கமாட்டார்கள். சமையல் முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, முருகனுக்கு விளக்கு வைத்துவிட்டுப் போவேன். கறுப்பு டிரங்குப் பெட்டியோடு எந்தச் சிப்பாய் இறங்கினாலும் போட்டோவை நீட்டுவேன். கந்தசாமி லாரியில் வடக்கே போய் வந்ததில் எனக்கு ஒரே ஒரு இந்தி வார்த்தை சொல்லிக்கொடுத்திருந்தான்: "இஸ்கோ தேக்கா?" இவனைப் பார்த்தாயா என்று அர்த்தமாம். பதில் இந்தியில் வந்தால் எனக்குப் புரியாது. தலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று மட்டும் பார்ப்பேன். பக்கவாட்டில்தான் ஆடும். ஒரு சர்தார்ஜி போட்டோவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் கையில் இரண்டு பூரியை வைத்துவிட்டுப் போனார். நான் அதைச் சாப்பிடவும் முடியாமல் போடவும் முடியாமல் ரயில் போகும்வரை நின்றேன்.

வருஷக்கணக்கில் இப்படியே. பிளாட்பாரத்தில் டீ விற்ற ராமண்ணன் ஒருநாள் ரொம்ப நேரம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க, நீங்க போட்டோவும் கையுமா நிக்கறதப் பாத்துப்போட்டு, பொண்ணு வேணுமா பையன் வேணுமான்னு மூணு பேரு எங்கிட்ட ஜாதகம் குடுத்துட்டுப் போயிருக்காங்க."

இணைச்சீர்

கந்தசாமிக்குக் கல்யாணம் வந்தது. பெரியம்மா அதற்குள் காலமாகிவிட்டார், அவனுக்குக் கூடப்பிறந்தவளும் கிடையாது. எங்களில் மாப்பிள்ளைக்கு அக்காளோ தங்கையோ இணைச்சீர் செய்தால்தான் தாலி ஏறும். கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளையிடம், மறுமுனை அவளிடம். பொண்டாட்டி வந்தாலும் பொறந்தவளை விடமாட்டேன் என்பதற்கு அது சாட்சி. அந்தச் சீரை நான் நல்லமுத்துவுக்குச் செய்யக் காத்திருந்தவள். யாரோ "நீ செய்யேன்" என்றார்கள். கொஞ்சம் தயங்கினேன். பிறகு, இத்தனை வருஷம் எனக்காக லீவு போட்டு அலைகிற பிள்ளைக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது என்று உட்கார்ந்தேன்.

நான் சேலை முனையைப் பிடித்தேன். கந்தசாமி அழுதான். விசும்பல் இல்லை, ஊரே பார்க்கிற அழுகை. நல்லமுத்து ஞாபகம் என்று எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் அம்மா எழுந்து வந்து, அழாதே சாமி, அவன் வந்துருவான் என்று அவன் தலையைத் தடவினாள். அவன் குனிந்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்: "நீங்க இதை எனக்குச் செய்யக் கூடாதுங்க்கா. எந்திரிச்சிருங்க."

எதிர்க் கட்டில்காரர்

எண்பத்துமூன்றாம் வருஷம், ஆடி மாதம். கந்தசாமி அப்போது போர்வெல் கிணறு போடுகிற ரிக் வண்டிக்கு டிரைவர். சேலத்துக்கு உதிரிச் சாமான் வாங்க வந்தவன், வழக்கம்போல ஜங்ஷனில் என்னைப் பார்த்து டீ வாங்கிக்கொண்டு வந்தான். ஆத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், உறவுக்காரரை ரயில் ஏற்ற வந்திருந்தார். பழக்க தோஷத்தில் போட்டோவை நீட்டினேன். தலை பக்கவாட்டில் ஆடவில்லை.

"அட, நம்ம கந்தசாமி! இந்தப் போட்டோ எடுக்கும்போது நான் பக்கத்துல நின்னேம்மா. எனக்கு எதிர்க் கட்டில்" என்றார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "இல்லீங்க, இவன் நல்லமுத்து. கந்தசாமி இதா நிக்கறானே" என்று திரும்பினேன். டீ கிளாஸ் கீழே கிடந்தது. கந்தசாமி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஒன்றும் புரியவில்லை. காது மட்டும் அடைத்துக்கொண்டது. ரயில் போவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

ஆத்தூர்க்காரர் என்னைப் பெஞ்சியில் உட்காரவைத்துச் சொன்னார். கிழக்கே ஓர் ஆறு. காலைப் பனிமூட்டத்தில் படகில் கடந்தார்கள். குண்டு விழுந்தது. அக்கரை ஏறி எண்ணினால் ஓர் ஆள் குறைவு. ஆள் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. சொல்லிவிட்டுப் போட்டோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "கரையில நின்னு கந்தசாமி, கந்தசாமின்னு தொண்டை கிழியக் கத்தினோமேம்மா. அது அவன் பேரே இல்லையா?"

மாவு டப்பாவுக்குள் ஒரு தந்தி

கந்தசாமி அன்றைக்கே என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், பரண்மேல் இருந்த பழைய மாவு டப்பாவை இறக்கினான். அதற்குள் ஒரு தந்தி, ஒரு கடிதம். நடந்தது இதுதான். பட்டாளத்தில் சேர எட்டாவது பாஸ் சர்டிபிகேட் வேண்டும். நல்லமுத்துவுக்கு ஏது? வீட்டை விட்டுப் போன அன்றைக்குக் கந்தசாமியிடம் கேட்டிருக்கிறான். இவனும் ஒரே வட்டிலில் சாப்பிட்டவன்தானே, பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டான். தம்பி கந்தசாமியாகச் சேர்ந்தான். கந்தசாமியின் அப்பா பெயர், கந்தசாமியின் தோட்டத்து விலாசம். பதில் போடாதே என்று எனக்கு எழுதியதும் அதனால்தான்.

சண்டை முடிந்ததும் தந்தி நேராக அந்த விலாசத்துக்குப் போயிருக்கிறது. 'உங்கள் மகன் கந்தசாமியைக் காணோம்' என்று தந்திக்காரர் படித்துச் சொன்னபோது கந்தசாமி சோறு தின்றுகொண்டிருந்தானாம். பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தாராம். பொய்யாகச் சாவுச் சேதி வந்தால் ஆயுசு கெட்டி என்று சொல்லி மிளகாய் சுற்றிப்போட்டு, இதை வெளியே சொன்னால் பலித்துவிடும் என்று தந்தியை டப்பாவில் போட்டு மூடிவிட்டார். தோட்டத்து வீடு, அக்கம்பக்கம் யாருமில்லை. இரண்டாவதாக வந்தது, இறந்ததாகக் கொள்ளவேண்டும் என்கிற கடிதம். சர்டிபிகேட் கொடுத்தவனுக்கும் ஜெயில் என்று லாரியில் யாரோ சொல்ல, இருபது வயதுப் பிள்ளை பயந்து டப்பாவை மூடிவிட்டான். ஒரு மாதம் சொல்லாமல் விட்டது, ஒரு வருஷமாயிற்று. பிறகு எந்த வாயைத் திறந்து சொல்வது?

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த எட்டு மாதம் நான் பதிலுக்குக் காத்திருந்தபோது, இந்தப் பிள்ளைக்குப் பதில் தெரியும். அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து விளக்கு வைக்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் விளக்கு வைக்காத நாள் அது ஒன்றுதான்.

மறுநாள் அவனே என் அம்மாவிடம் போய்க் காலில் விழுந்தான். அய்யன் அதற்குள் காலமாகிவிட்டிருந்தார். அவள் அலறுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் கதவோரம் நின்றேன். அவள் தந்தியை வாங்கி, படிக்கத் தெரியாதவள், எழுத்தின் மேல் விரலை மட்டும் ஓட்டினாள். அப்புறம் சொன்னாள்: "அவன்ற படிப்ப நிறுத்துனது நானும் உங்க சித்தப்பனுந்தான். சர்டிபிகேட்டு இல்லாத பையனா ஆக்குனது நாங்க. உன்னை நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வையறது, எந்திரி."

முதல் கையெழுத்து

மறுபடி அதே ஆபீஸ். பழைய குமாஸ்தா மாற்றலாகிவிட்டார், வேறொருவர். இறந்தவன் நல்லமுத்து என்று பெயரைத் திருத்தித் தரவேண்டும் என்றேன். அதற்கு, 'கந்தசாமியாகிய நான் உயிரோடு இருக்கிறேன்' என்று உரிய ஆள் எழுதிக் கொடுக்கவேண்டும் என்றார். ஜெயில் என்றால் ஜெயில். அவன் பெண்டாட்டி இடுப்பில் கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். நான் திரும்பிப் பார்த்தேன், டீ வாங்கப் போய்விட்டானா என்று. போகவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சர்டிபிகேட் கொடுத்தது முதல் தந்தியை மறைத்தது வரை ஒன்று விடாமல் எழுதி, பதினோரு வருஷமாகப் போடாத கையெழுத்தைப் போட்டான். பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. வேறு தாள் வாங்கி முதலிலிருந்து எழுதினான்.

அந்தக் குமாஸ்தா மனுவை மேலும் கீழும் பார்த்தார், அவனைப் பார்த்தார். "மேல அனுப்பறேனுங்க. என்ன சொல்லுவாங்கன்னு தெரியாது. செத்தவரே நேர்ல வந்து மனுக் குடுக்கறது என்ற சர்வீஸ்ல இதுதான் மொதத் தடவைங்க."

ஜெயிலும் வரவில்லை, பதிலும் வரவில்லை. பட்டாளத்துப் புத்தகத்தில் இன்றைக்கும் செத்தவன் கந்தசாமிதான். அவன் மாதம் ஒருதரம் என் வீட்டுக்கு வருகிறான். முதல் வருஷம் வாசலோடு போனான். ஆயிரம் இருந்தாலும் சேலையின் மறுமுனையைப் பிடித்தவள் நான், அதை முருகன் பார்த்திருக்கிறான், விட முடியுமா? இப்போது உள்ளே வந்து சாப்பிடுகிறான். என் பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணமாகிவிட்டது. தாய்மாமன் சீரை அவன்தான் செய்தான்.

பதினோரு வருஷம் வருகிற ரயிலுக்கெல்லாம் போட்டோ காட்டினேன், பதில் என் பக்கத்திலேயே நின்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு தூரம் கேட்டவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஆற்றங்கரையில் அவனை அவன் பேர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. இன்றைக்கு விளக்கு வைக்கும்போது நல்லமுத்து என்று ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லுங்கள், சாமி.