ஐந்தாவது வீடு

கள்ளக்குறிச்சியில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தபோது, வெள்ளிமலைக்கு அப்பாலிருந்து ஒருவர் தகரக் குழாயில் சுருட்டிய படம் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய பாட்டனின் தகப்பன் காலத்தில் மலையேறி வந்த வெள்ளைக்காரர் பென்சிலால் வரைந்து கொடுத்தது. பின்னால் பிளந்த பாறையோடு மலை. அடியில் ஐந்து கூரை வீடுகள். அங்கே முன்பு ஊரே இருந்ததில்லை என்று தாலுகா ஆபீசில் அவர்களுடைய பட்டா மனுவைத் தள்ளப் பார்த்தார்கள். மறுநாள் வெள்ளிமலையில் விசாரணை. கையிலிருந்த ஒரே அத்தாட்சி இந்தப் படம். நகல் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

நகலில் மலையும் வரவில்லை, ஊரும் வரவில்லை. தேய்ந்து தேய்ந்து கோடுகள் அவ்வளவு மங்கல். எனக்குத்தான் மூளை ஜாஸ்தியாயிற்றே. பென்சிலை எடுத்து ஓரத்து வீட்டின் கூரைமேல் அழுத்தி ஓட்டினேன். கூரை நேற்று வேய்ந்ததுபோல் எழுந்து நின்றது. அப்புறம்தான் உறைத்தது: அத்தாட்சியைத் திருத்தினால் உள்ளே தள்ளிவிடுவார்கள். பதறிப்போய் ரப்பர் போட்டேன். கூரையோடு சுவரும் வாசலும் சேர்ந்து போய்விட்டன.

உளுந்தூர்பேட்டைக்குப் போய் ஏதாவதொரு லாரியில் தொற்றிக்கொள்ளலாம், மீசையை எடுத்துவிட்டால் அடையாளம் தெரியாது என்றுகூட யோசித்தேன். எனக்கு மீசையே கிடையாது.

அவர் திரும்பி வந்து படத்தைப் பார்த்தார். விரல் நாலாவது வீட்டோடு நின்றது.

“இன்னா அண்ணே, எங்க வூட்டக் காணோம்?”

மேசைக்குப் பின்னால் பாதி குனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை ஓங்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“நாளைக்கு நீங்களே வந்து இத சொல்லிடுங்க.”

மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் ஜீப் கவிழட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் அவரும் உட்கார்ந்திருப்பது நினைவு வந்ததும் வேண்டுதலை வாபஸ் வாங்கினேன்.

அதிகாரி முன்னால் என் குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது. அவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். கரி போயிருந்தது, பென்சில் அழுந்திய தடம் போகவில்லை.

“இது யார் அழுத்தினது? நீங்களா, அந்தக் காலத்து ஆளா?”

“கூரை மட்டும் நான் சார். சுவரையும் வாசலையும் நான் வரையவே இல்ல. அழிச்சதோட சரி.”

சுவரின் தடத்தை அவர் மறுபடியும் உற்றுப் பார்த்தார். குறிப்பில் ஐந்து வீடுகள் என்று எழுதிவிட்டு, நான் சொன்னதையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஜன்னல் காற்றில் தாள் மேசையை விட்டு நழுவியது. ஐந்தாவது வீட்டுக்காரர் குனிந்து அதை எடுத்து வைத்து, நான் எழுதி முடிக்கும்வரை ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.