தடைக்காலத்து ஜோக்கர்

ஜோக்கரைக் கண்டால் எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கும், நான் அலறுவேன். காரணம், கேபிள் டிவியில் பார்த்த ஒரு டப்பிங் படம். அதில் வில்லன் வெள்ளை மூஞ்சியும் சிவப்பு மூக்குமாகப் பிறந்தநாள் வீடுகளுக்கு வருவான். வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லிப் பிள்ளையை மெதுவாகக் கூப்பிடுவான். திரும்பிப் பார்த்தால் தீர்ந்தது கதை. அம்மா பார்க்காதே என்று சொன்ன படம். தலையணைக்குப் பின்னாலிருந்து முழுசாகப் பார்த்தேன். அதற்கப்புறம் கக்கூசுக்குப் போகக்கூட எனக்குத் துணை வேண்டியிருந்தது.

துணைக்கு வந்தவர் மாமாதான். அம்மாவின் தம்பி, காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர், எங்கள் வீட்டிலேயே இருந்தார். கரையில் இருக்கும் நாளெல்லாம் நான் அவர் தோளில்தான். ஒல்லிக்குச்சியாக இருப்பேன் என்பதால் என்னை "நெத்திலி" என்பார். வேறு யாரையும் அப்படிக் கூப்பிட நான் விட்டதில்லை. ஜோக்கர் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டால், "வர்ட்டும்டி, மூக்கப் பேத்து நண்டுக்குப் போட்டுர்றேன்" என்பார்.

மீன் முட்டையிடும் மாதங்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்தத் தடைக்காலத்தில் குப்பத்து ஆண்கள் வலையைச் சரிபார்ப்பார்கள், சீட்டாடுவார்கள், வீட்டில் சண்டை போடுவார்கள். மாமாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த வருஷம் அது. சும்மா உட்கார அவருக்கு மனசில்லை. பெயிண்டு வேலை கிடைத்திருக்கிறது என்று சாயங்காலம் ஆனால் கிளம்பிவிடுவார். சாயங்காலத்தில் எந்த ஊரில் பெயிண்டு அடிக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது காதோரம் வெள்ளை ஒட்டியிருக்கும். தேங்காய் எண்ணெய் தொட்டு நானே துடைத்துவிட்டிருக்கிறேன்.

வைகாசியில் அப்பாவின் கூட்டாளி வீட்டு ரிசப்ஷன் மாதவரத்தில் நடந்தது. வேலை இருக்கிறது என்று மாமா வரவில்லை. எந்த மண்டபம் என்று அவரும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

மண்டப வாசலில் பலூன்களோடு ஒரு ஜோக்கர் நின்றது. எங்களைக் கண்டதும் சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கியது. பதுங்குகிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. தரையில் விழுந்து புரண்டு கத்தினேன். அது பலூன்களை விட்டுவிட்டு ஓடி வந்தது. குனிந்து என் காதில் சொன்னது: "நெத்திலி, பயப்படாதடி. நாந்தான்."

படத்தில் வந்தவனும் இப்படித்தானே கூப்பிட்டான். அதன் கையைக் கடித்துவிட்டு மூச்சு நின்றுபோகிற மாதிரி கத்தினேன். அப்பா பாய்ந்து வந்தார். "கொயந்தைய இன்னாடா பண்ண, கஸ்மாலம்?" என்று அறைந்தார். சிவப்பு மூக்கு உருண்டு போனது. இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். 'மச்சான்' என்று மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பாவின் கை நின்றிருக்கும். ஆனால் சுற்றி நின்றது எங்கள் குப்பம். மாமா மூக்கைப் பொறுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி கேட்டைத் தாண்டிப் போனார். எனக்கு அப்புறம்தான் பசித்தது. பிரியாணியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது அம்மாவிடம் சொன்னேன்: "அதுக்கு என் பேரு தெர்தும்மா. நெத்திலின்னு கூப்டுச்சி."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் வலது கையைப் பார்த்தார், பிறகு அதைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கும் ஜோக்கர் பயம்தான் என்று நினைத்து, நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

காலையில் மாமா உதடு வீங்கி உட்கார்ந்திருந்தார். ஏணியிலிருந்து விழுந்துவிட்டாராம். கையில் துணி சுற்றியிருந்தது. அம்மா கேட்காமலேயே இட்லி வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. நான் மாமாவின் மடியில் ஏறிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்; அடி விழுந்ததை நடித்தே காட்டினேன்.

"நீ இருந்தா இன்னும் நல்லா அட்ச்சிருப்ப இல்ல மாமா?"

"ஆமாடி. வுட்டிருக்க மாட்டேன்" என்றார்.

அப்பா பாதி இட்லியோடு எழுந்து, கை கழுவிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

அந்தக் காலையை நினைத்தால் எனக்கு இப்போதும் சோறு இறங்குவதில்லை. மாமா அதற்கப்புறம் என்னை நெத்திலி என்று கூப்பிட்டதே இல்லை. பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். நான் பெரியவளாகிவிட்டேன், அதனால்தான் என்று அப்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது.