திருப்பி இடிப்பவள்

அக்காவுக்குப் பக்கத்தில் நின்றால் விலா எலும்பு தப்பாது. காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் சாமி தெருவில் வரும்போது, மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். அக்கா முழங்கையால் கூட்டத்தை இடித்துத் தள்ளி எகிறிப் பிடிப்பாள். என்னையும் ஓர் இடி இடிப்பாள், நானும் அவளைத் திருப்பி இடிப்பேன். எங்கள் ஊர் பட்டினத்தில் பஸ் ஏறும்போதே உத்தரவு போட்டுவிடுவாள்: "மரமாட்டம் நின்னே, ஒன்ன அங்கயே விட்டுட்டு வந்துருவேன்." ராட்சசி! திரும்பும்போது பாதிப் பழத்தைக் கடித்துவிட்டு மீதியை என் வாயில் திணிப்பாள்.

எழுபதுகளின் கடைசியில் அவளைக் கோட்டுச்சேரியில் கட்டிக்கொடுத்தார்கள். வயலும் மாடுமாக நல்ல குடும்பம். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். அடுத்த திருவிழாவுக்கு மாமியாரோடு வந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "நல்லாருக்கியாம்மா?" என்றாள். அம்மாவாம்! என்னைச் சனியனே என்றுதான் கூப்பிடுவாள். அவள் முகத்துக்கு நேராக ஒரு பழம் வந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கினாள். பின்னால் நின்றவர் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அவ எங்கம்மா போனா?" என்று அம்மாவிடம் சண்டை பிடித்தேன்.

"எங்க போவா? போன எடத்துக்குத் தக்கன மாறத்தான் வேணும்."

அப்படியென்றால் என்னை இடித்தவள் யார்? அது வேஷமா, இது வேஷமா? கல்லூரியில் தத்துவம் படித்தபோதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒவ்வொரு திருவிழாவிலும் இடிபடவென்றே அவள் பக்கத்தில் போய் நின்றேன். இடிக்கவே இல்லை.

பிறகு எனக்குக் காரைக்காலில் ஆபீஸ் வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆனது. எண்பதுகளின் நடுவில் ஒரு திருவிழா. முழங்கால் வலியென்று மாமியார் வரவில்லை. பழங்கள் பறந்து வந்தன. விலாவில் சுரீரென்று ஓர் இடி! கொண்டை அவிழ, கையில் பழத்தோடு மூச்சு வாங்க நின்றாள் என் அக்கா. கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது.

அவளோ என்னையே பார்த்தாள். "ஏண்டி சனியனே, திருப்பி இடிக்கமாட்டியா? அதுக்குத்தான்டி வருஷா வருஷம் வர்றேன்."

சிரித்துக்கொண்டே பழத்தில் பாதியைக் கடித்து, மீதியை என் வாய்க்கு நேராக நீட்டினாள். சாறு முழங்கை வரை வழிந்தது. வாயைத் திறப்பதற்குள் நான் சுற்றிலும் பார்த்தேன், ஆபீஸ்காரர்கள் யாராவது நிற்கிறார்களா என்று.

அக்கா கையை மெல்ல இறக்கிக்கொண்டாள்.