அப்பாவோடு அனுப்பிய கோழி

நீங்கள் நம்பப் போவதில்லை, அது எனக்குத் தெரியும், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். ஏனென்றால் நான் பேய் பிசாசு இல்லை என்று சும்மா வாயால் சொல்லிக்கொண்டு திரிகிற ஆள் இல்லை, பேயைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினால் பரிசு தருகிறேன் என்று ஊர் ஊராகச் சவால் விட்ட மனிதரின் பிள்ளை. அப்படிப்பட்ட என் வாயிலிருந்து இந்தக் கதை வருகிறது, அதுவும் அந்த மனிதரைப் பற்றியே வருகிறது. அப்பா உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் செருப்பாலேயே அடித்திருப்பார், எங்கள் ஆம்பூரில் செருப்புக்கா பஞ்சம்.

அப்பா ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திமிரி, கலவை என்று ஊர் ஊராகப் பஸ் ஏறிவிடுவார். ஜனங்கள் நடுவில் நின்று நாக்கில் கற்பூரம் கொளுத்துவார், வெறுங்கையில் விபூதி வரவழைப்பார், கடைசியில் மேஜைமேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, தொடாமலே உருட்டுவார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அப்போது 'க்கும்' என்று தொண்டையை ஒருமுறை கனைத்துவிட்டு குட்டை உடைப்பார். விஷயம் ஒன்றுமில்லை, பழத்தில் துளி மெழுகு வைத்து ஒட்டிய ஒரே ஒரு தலைமுடி. எங்கள் அம்மாவின் முடி. அந்தக் காலத்தில் அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே கன்னங்கரேல் என்று தொங்கும்.

"எது தானா நகர்ந்தாலும் நூலத் தேடுங்க. நூலு கெடச்சா அந்தாண்ட முனையில ஒரு ஆளு இருப்பான்." இதுதான் அவர் எல்லா ஊரிலும் கடைசியாகச் சொல்வது. வீட்டில் கரண்ட் போனால்கூட இதைத்தான் சொல்வார்.

இப்படிப்பட்டவர் உடம்பைத் தானமாக எழுதி வைத்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எழுதி வைத்ததோடு விடவில்லை, சோறு தின்னும்போதெல்லாம் சட்டத்தைப் பாடம் நடத்தினார். "கண்ணு ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். கண்ணாடி போட்டவன், கண்ணு ஆபரேஷன் பண்ணவன் எல்லாரும் குடுக்கலாம். கிட்னி ஈரல்லாம் ஆஸ்பத்திரியில மூளைச்சாவு ஆனாத்தான், வீட்ல செத்தா கண்ணும் ஒடம்பும்தான். போஸ்ட்மார்ட்டம் பண்ண ஒடம்ப காலேஜ்ல வாங்க மாட்டாங்க, அதனால என்ன லாரியில கீரியில அடிபட உட்றாதீங்க." நாங்கள் சிரிப்போம். அடுத்ததைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கமாட்டார். "ஆனா நான் போட்ட கையெழுத்து நான் மூச்சு உடற வரைக்கும்தான். அதுக்கப்புறம் இந்த ஒடம்பு உங்க கையில. பெத்த புள்ளைங்கள்ல ஒருத்தன் வேணாம்னாலும் அவங்க தொட மாட்டாங்க." சொல்லும்போது அண்ணனைத்தான் பார்ப்பார். அண்ணன் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பான்.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பெரியப்பா செத்தது ஒரு சனிக்கிழமை. சனிப் பொணம் தனியாகப் போகாது என்பார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள், துணைக்கு அதே வீட்டிலிருந்து இன்னொருத்தரை இழுத்துக்கொள்ளுமாம், அதற்குப் பதிலாகப் பாடையில் ஒரு கோழியைக் கட்டி அனுப்புவார்கள். அப்பா அன்றைக்குத் தெருவில் பாடையை மறித்து, "கோழி இன்னாடா பாவம் பண்ணுச்சு" என்று கத்தி அதை அவிழ்த்து விட்டுவிட்டார். அடுத்த வாரமே அண்ணனின் மூத்த பிள்ளை, தவழ்கிற குழந்தை, காய்ச்சலில் போய்விட்டான். டெங்கு என்று டாக்டர் சொன்னார். அப்பா அதையே பிடித்துக்கொண்டு, பிள்ளையைப் பறிகொடுத்து நிற்கிறவனிடம் போய் கொசுவைப் பற்றி விளக்கினார். அவர் சொன்னது சரிதான், ஆனாலும் அன்றைக்கு எனக்கே அவரைப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. இப்போது அண்ணனுக்கு ஒரே பெண், பள்ளிக்கூடம் போகிறாள்.

அப்பாவும் சனிக்கிழமைதான் செத்தார். விடியற்காலையில் டீ குடித்துவிட்டு, ஒயர் பின்னிய தன் சேரில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது, வாரத்தில் வேறு நாளே கிடைக்கவில்லையா இந்த மனிதருக்கு.

டாக்டர் வந்து இயற்கைச் சாவு என்று எழுதிக் கொடுத்தார். கண் வங்கிக்குப் போன் செய்தேன், வந்து பக்குவமாக எடுத்துக்கொண்டு போனார்கள், அதற்கு அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் உடம்பை ஏற்ற ஆம்புலன்ஸ் வந்து நின்றதும் வாசலில் குறுக்கே நின்றுவிட்டான்.

"பாடை ஏது, சுடுகாடு ஏது? கோழிய எதுலடா கட்டுவ?"

"இந்தக் காலத்துல போய் கோழி கீழின்னுட்டு. அப்பா ஆசைண்ணா இது!"

"அவரு ஆசைக்கு ஏற்கெனவே ஒண்ண குடுத்துட்டேன்."

அம்மா ஒரு பக்கம் அழுகிறாள், அண்ணி பெண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூலையில் நிற்கிறாள். வழி சொன்னது ரியாஸ் பாய்தான். அப்பாவின் தோஸ்த், ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர். "அரே தம்பி, பாடை இல்லன்னா இன்னா இப்ப, வண்டி இருக்குதில்ல? வண்டியில கட்டு, பேஜார் முடிஞ்சுது."

அண்ணன் பஜாருக்குப் போய் ஒரு கறுப்புக் கோழி வாங்கி வந்தான். இடது காலில் ஒரு விரல் இல்லாத கோழி. அண்ணி அதன் தலையில் மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். அண்ணன் டேனரியில் வேலை செய்கிறவன், கயிற்றை நம்பமாட்டான். பதனிடாத பச்சைத் தோலில் அறுத்த வார் ஒன்றை நனைத்து, ஒரு முனையைக் கோழியின் காலில் கட்டி, மறு முனையை அப்பா படுத்திருந்த ஸ்ட்ரெச்சரின் இரும்புக் காலில் கட்டினான். அந்த வார் காயக் காய இறுகும், பிறகு அவிழ்க்க முடியாது, கத்தியால் அறுத்தால்தான் உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் அண்ணனும் பின்னால் அப்பாவுக்குப் பக்கத்தில், பாய் முன்னால் டிரைவரோடு. பின்கதவு சாத்தியாயிற்று, திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல். வழி முழுக்கக் கோழி எங்கள் காலடியில் முனகிக்கொண்டே வந்தது. பள்ளிகொண்டா டோல்கேட்டில் அது போட்ட சத்தத்துக்குச் சீட்டு கொடுக்கிற பையன் எட்டிப் பார்க்க, "ஏன் பேட்டா, கோழிக்கும் டோல் கட்டணுமா?" என்று பாய் கேட்டது பின்னால் எங்களுக்கே கேட்டது. அதாவது அதுவரை கோழி இருந்தது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

டோல்கேட் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம்.

'க்கும்.'

நான் அண்ணனைப் பார்த்தேன், அண்ணன் என்னைப் பார்த்தான். "நீயா?" என்றான். "நீதானே கனைச்ச?" என்றேன். அப்பா முகத்தைப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தார். வண்டியின் ஏதோ பட்டை உரசியிருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன், பகுத்தறிவாளர் பிள்ளை வேறு என்ன செய்வான், சொல்லுங்கள்.

வேலூர்ப் பக்கத்து மருத்துவக் கல்லூரி, பெயர் வேண்டாம். வண்டி நின்றதும் அண்ணன் குனிந்தான், குனிந்தவன் அப்படியே இருந்தான். வார் கிடந்தது. ஸ்ட்ரெச்சர் காலில் கட்டியது கட்டியபடி, மறு முனையில் போட்ட முடிச்சு போட்டபடி, வளையம் வளையமாகவே இருந்தது. கோழி இல்லை. இறங்கித் தேடினோம், பெஞ்சுக்கு அடியில், ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பின்னால், அப்பாவின் போர்வைக்குள்கூடக் கை விட்டுப் பார்த்தேன். ஒரு இறகு இல்லை! டிரைவர் என்னென்னவோ சாமி பேரைச் சொல்லிக்கொண்டு தள்ளிப் போய் நின்றுகொண்டான்.

கல்லூரியிலிருந்து ஒரு அம்மா வந்தார். பொறுமையான மனுஷி. "பசங்க ரெண்டு பேரும் வந்துட்டீங்களா? ரெண்டு பேருக்கும் சம்மதம்தானே?"

"இல்லிங்க," என்றான் அண்ணன். "நாங்க திருப்பி எடுத்துனு போறோம்."

"ஒருத்தருக்கு மனசு இல்லன்னாலும் நாங்க வாங்கறதில்லப்பா. ஒண்ணும் தப்பில்ல, பேசிட்டு வாங்க."

நான் கையைப் பிடித்துக் கெஞ்சினேன், திட்டினேன், காலில் விழவும் தயாராக இருந்தேன். இருபது முப்பது வருஷமாக ஒரு மனிதர் வாய் வலிக்கச் சொன்ன ஆசை, கல்லூரி வாசல் வரை வந்து, ஒரு கோழியால் திரும்பிப் போகப் போகிறது. அண்ணன் ஒரே வார்த்தைதான் சொன்னான். "எனக்கு இருக்கறது ஒரே பொண்ணுடா." என் கை தானாக விட்டுவிட்டது.

அப்போது அவன் போன் அடித்தது. அம்மா. எடுக்கிற பதற்றத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான், அதனால் நான் கேட்டேன், பாய் கேட்டார், அந்தக் கல்லூரி அம்மாவும் கேட்டார்.

"ஏண்டா, கோழிய யார்கிட்டடா குடுத்து அனுப்புனீங்க?"

"எந்தக் கோழிம்மா?"

"உங்கப்பா சேர்ல வந்து குந்தினு இருக்குதுடா. கதவு சாத்திதான் இருந்துச்சு. மஞ்ச குங்குமம் வச்சதுதான், ஒரு விரல் இல்லாதது. ஏன், வாணாம்னுட்டாங்களா?"

ஆம்பூர் எங்கே, நாங்கள் நிற்கிற இடம் எங்கே! அண்ணன் ஆம்புலன்ஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். முகத்தை மூடிக்கொண்டு, குழந்தை செத்த அன்றுகூட அழாதவன், குலுங்கிக் குலுங்கி அழுதான். "துணை வாணாம்னு சொல்லிட்டாருடா. நான் தனியாவே போறேன், உன் பொண்ணு பக்கம் வர மாட்டேன்னு சொல்லிட்டாரு. இத அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னாடா?" பாய் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு அண்ணன் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த அம்மாவிடம் போய், "எங்கப்பாவ எடுத்துக்குங்கம்மா" என்றான்.

எனக்கு அந்த இடத்தில் அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது, தப்பாக நினைக்காதீர்கள். ஜென்மம் பூராவும் மூடநம்பிக்கையை எதிர்த்த மனிதர், கடைசி மூடநம்பிக்கையை உடைக்க இப்படியா ஒரு வேலை பார்ப்பார்? அவர் சொன்னதுதான் நடந்தது, சனிப் பொணம் தனியாகத்தான் போனது, இன்று வரை எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு தலைவலிகூட இல்லை. ஆனால் அவர் சொன்னதை நிரூபித்தது யார் என்று கேட்டால் அவர் சொன்ன எல்லாமே தப்பாகிவிடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் போலீஸ்காரன் மாதிரி விசாரித்தேன். இது தந்திரம்தான், யாரோ பார்த்த வேலை, கண்டுபிடித்தே தீருவேன் என்று எனக்கு ஒரு வெறி. பாய்மேல்தான் முதல் சந்தேகம், அப்பாவுக்காக உயிரையே கொடுப்பார், இன்னொரு கோழிக்கு ஏற்பாடு செய்திருக்கமாட்டாரா? அவர் அல்லாமேல் சத்தியம் செய்தார், அதைவிட அவர் முகத்தில் இருந்த பயத்தை நம்பினேன். பஜார் கடைக்காரனைக் கேட்டேன், விரல் இல்லாத கோழி அந்த ஒன்றுதான் என்றான். சரி, வார் என்ன சொல்கிறது பார்ப்போம் என்று, ஸ்ட்ரெச்சர் காலிலிருந்து அறுத்து எடுத்துவந்திருந்த வளையத்தைக் கோழியின் காலோடு வைத்துப் பார்த்தேன். விரல்களை எல்லாம் சேர்த்து மடக்கினாலும் பாதம் அந்த வளையத்தில் நுழையவில்லை. நுழையாத வளையத்திலிருந்து வெளியே வந்திருக்கிறது.

அப்படிக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். இதை அண்ணனிடம்கூட நான் சொன்னதில்லை.

கோழியின் காலில், வார் கட்டியிருந்த அதே இடத்தில், துளி மெழுகு. மெழுகில் ஒரு தலைமுடி. அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், அவள் தலை பஞ்சு மாதிரி வெளுத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அப்பாவின் தகரப் பெட்டி பரணில் பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது. இந்த முடி கன்னங்கரேல் என்று இருந்தது, அவ்வளவு நீளம். தொங்கவில்லை. கோழியின் காலிலிருந்து அப்பாவின் காலி சேரைத் தாண்டி, வாசல் பக்கமாக, அந்தரத்தில் விறைப்பாக நீண்டு நின்றது.

அப்பா சொன்ன நூல். கிடைத்துவிட்டது என்று நினைத்தேன், அந்தாண்ட முனையைப் பார்க்க எழுந்தேன், எழும்போது என் விரல் அதன்மேல் பட்டது.

பட்டதும் முடி தொய்ந்து தரையில் விழுந்தது, யாரோ அந்தப் பக்கம் பிடித்திருந்த கையை விட்டதுபோல.