முப்பத்திரண்டு மணல் முளைகள்

அபுதாபி முசாஃபா லேபர் கேம்ப்பில் சோலையப்பனை ஆறு வருஷமாக யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மறதி' என்றால்தான் தெரியும். "மறதி, ரூம் சாவிய எடுத்தியா?" என்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே திரும்புவான். அந்தச் சிரிப்பை நம்பியவன் மடையன். உள்ளுக்குள் ஒரே ஒரு ஆள் மேல் ஆறு வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தான் அவன்.

மறக்கிற ஆளா சோலை? கேரவன் வண்டிகளின் பக்கவாட்டில் மாட்டி, முன்னால் இழுத்துக் கட்டும் துணிக்கூடாரத்தை ஆனிங் என்பார்கள். அதை விற்று, கொண்டுபோய்ப் போட்டுக்கொடுக்கிற கடையில்தான் அவனுக்கு வேலை. வாங்க வருகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள். சோலை அளவைப் பார்ப்பான். வண்டியைச் சிமெண்டுத் தரையில் மட்டமாக நிறுத்தி, ஒரு பக்கத் தரையிலிருந்து டேப்பை ஏற்றி, கூரையோரமாகக் கொண்டுபோய் மறுபக்கத் தரையில் இறக்குவான். மணலில் நிற்கிற வண்டியை அளக்கவே மாட்டான். சக்கரம் நாலு விரல் புதைந்திருந்தால், இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு விரல் அளவு குறைந்துவிடும். ஆனிங் கம்பிகளை ஏற்றும்போதும் கம்பிப் பை சக்கர அச்சுக்கு மேலேதான் இருக்க வேண்டும். வால்பக்கம் வைத்தால் ஹைவேயில் வண்டி ஆடும். இத்தனையும் நினைவில் வைத்திருக்கிறவனுக்கு மறதி என்று பேர் வைத்த புண்ணியவான்தான் ஃபோர்மேன் அருள்முருகன்.

அவன் வேறு யாருமில்லை, சோலைக்குப் பங்காளி. ஒரே ஊர், ஒரே குலசாமி. ஆறு வருஷத்துக்கு முன் லிவா பாலைவன மணலில் ஒரு ஆனிங் போடப் போனார்கள். கயிற்றை இழுத்துக் கட்டத் தரையில் அடிக்க, மணலுக்கென்று முழங்கை நீளத்தில் அகலமான முளைகள் உண்டு. அவற்றை லாரியில் ஏற்றுவது ஃபோர்மேன் பொறுப்பு. அருள்முருகன் மறந்துவிட்டான். "சாதா முளையே போதும், அடிடா" என்றான். மறுநாள் காற்றில் துணி பிய்த்துக்கொண்டு போய் கஸ்டமர் காரின் கண்ணாடியை உடைத்தது. மேனேஜர் சாகிர் பாய் விசாரித்தபோது, நாக்குக் கூசாமல், "இவன்தான் மறந்துட்டான் பாய்" என்று சோலையைக் கைகாட்டினான்.

சோலையின் லீவு ரத்தானது. அந்த லீவில் ஊருக்குப் போனவன் அருள்முருகன். அத்தோடு விட்டானா? சோலையின் தங்கை உமாராணியின் மூத்த மகளுக்கு அப்போது காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை. கூடப் பிறந்தவன் வராததால் பங்காளி மடியில் உட்கார்ந்தது. பட்டுவேட்டி கட்டி, பிள்ளையை மடியில் வைத்து, பல்லைக் காட்டிக்கொண்டிருந்த அருள்முருகனின் போட்டோ சோலையின் போனுக்கு வந்தது. கூடவே உமாராணியின் குரலும் வந்தது. "முளைய மறந்த மாதிரி எங்களையும் மறந்துட்டியேண்ணே." ஊர் வரைக்கும் போய்ச் சொல்லியிருக்கிறான், பாவி.

இந்தத் தையில் இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து. கேம்பிங் சீசனில் ஒருவருக்குத்தான் லீவு. சோலை லீவு பேப்பர் எழுதுவதற்குள் அருள்முருகன் தன் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தான்.

"கவலப்படாதடா. போன தடவ மாதிரி நானே உக்காந்துக்கிறேன். பழகின மடிதான" என்றான்.

"சரிண்ணே" என்றான் சோலை. ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

அடுத்த வாரமே வேளை வந்தது. ருவைஸ் தாண்டி ஒரு கடற்கரையில், பெரிய கம்பெனி அதிகாரி ஒருவருக்கு ஆனிங். நாலு மணிக்கு அவருடைய விருந்தாளிகள் வருகிறார்கள். காலையில் லாரி புறப்படும்போது சோலை லிஸ்டை நீட்டினான்.

"எல்லாம் ஏறிருச்சான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கண்ணே."

அருள்முருகன் எந்தக் காலத்தில் பார்த்தான்? போனில் பேசிக்கொண்டே கிறுக்கினான். முப்பத்திரண்டு மணல் முளைகளும், லாரிக்குப் பின்னால் சோலை ஓட்டிய பிக்கப் வண்டியின் சீட்டுக்கு அடியில், சாக்கில் கிடந்தன.

இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போய் இறங்கினார்கள். துணியின் ஓரத்தைக் கூரையோரமாக ஓடும் காடிப் பள்ளத்தில் கோத்து இழுத்து, கம்பிகளை நிறுத்தும்போது மணி இரண்டரை. கடல் காற்று கிளம்பியது. துணி உப்பியது. ஹெல்பர்கள் இருவரும் ஓரக்கம்பிகளைப் பிடிக்க, நடுக்கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு அருள்முருகன் கத்தினான்.

"மணல் முளைய எடுடா, ஜல்தி."

"லாரில இல்லண்ணே."

"என்னடா சொல்ற? மறுபடியும் மறந்துட்டியா?"

சோலை லிஸ்டை அவன் மூக்குக்கு நேரே பிடித்தான். "மணல் முளை முப்பத்திரண்டு. பாத்து ஏத்துனதா உங்க கையெழுத்து. மூணு மணிக்குச் சாகிர் பாய் வர்றாரு. இந்தத் தடவ யாரக் கைகாட்டுவீங்க?"

காற்று கம்பியோடு சேர்த்து அருள்முருகனைத் தூக்கப் பார்த்தது. விட்டால் துணி காற்றோடு போகும், வேலை துணியோடு போகும்.

"முளை எங்கிட்ட இருக்கு. லிவால யாரு மறந்தாங்கன்னு உமாராணிட்டச் சொல்லுங்க. சொன்னதும் தர்றேன்" என்றான் சோலை. நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை வைத்து, அவன் வாய்க்கருகில் போனைப் பிடித்தான். ஆகா, இந்த நிமிஷத்துக்காக எத்தனை ராத்திரி பல்லைக் கடித்திருப்பான்.

"டே, பங்காளிகளுக்குள்ள எதுக்குடா இதெல்லாம்..."

"காத்து கூடுதுண்ணே."

லாரியில் கட்டியிருந்த ஒரு முனைக் கயிறு அறுந்து போனது. அருள்முருகன் கண்ணை மூடிக்கொண்டான்.

"உமா, நான் அருளண்ணன் பேசறேன். அந்த வருசம் முளைய மறந்தது ஒங்கண்ணன் இல்ல. நாந்தான். பழியத் தூக்கி அவன் மேல போட்டேன். அவன் லீவுலதான் நான் ஊருக்கு வந்தேன்."

உமாராணி பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"எம்மூத்தவள உங்க மடியில நாந்தாண்ணே தூக்கி வச்சேன். எங்கண்ணன வஞ்சு அழுதுக்கிட்டே வச்சேன். தை பதினெட்டு காதுகுத்து. உங்க வீட்டுக்குப் பத்திரிகை வராது. நீங்க அந்தப் பக்கம் வந்துராதீங்க."

பங்காளி வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை இல்லையென்றால் ஊரே காரணம் கேட்கும். அழைப்பில்லாதவனுக்கு லீவு எதற்கு? அந்தப் பேப்பரை அருள்முருகன் மறுநாளே திரும்ப வாங்கிக்கொண்டான். அந்த லீவு சோலைக்கு வந்தது.

அது மறுநாள் கதை. அன்றைக்குச் சோலை சாக்கைக் கொண்டுவந்து மணலில் கொட்டினான். மற்றவர்களைக் கம்பி பிடிக்கச் சொல்லிவிட்டு, சம்மட்டியை எடுத்துக்கொண்டான்.

"முளையப் பிடிங்கண்ணே" என்றான்.

ஃபோர்மேன் மண்டியிட்டுப் பிடித்தான். முப்பத்திரண்டையும் அவனேதான் பிடித்தான். ஒவ்வொரு அடிக்கும் அவன் விரல் சுருங்கியது. சோலையப்பன் ஒரு அடிகூடத் தவறாமல், நிதானமாக, முப்பத்திரண்டையும் இறக்கினான்.