அண்ணி பேர் வைத்த மரம்

எங்கள் வீட்டு மெத்தைகளுக்கு அடியில் பழைய செய்தித்தாள் இருக்கும். அதற்குள் இலைகள் இருக்கும். அண்ணி நகராட்சியில் மரக் கணக்கெடுப்பு வேலை பார்க்கிறார். பறித்து வந்த இலைகளைத் தாளில் பரப்பி, அண்ணன் படுக்கும் பக்கமாகப் பார்த்துச் செருகிவிடுவார். அண்ணன் கனமான ஆள். "நான் தூங்கறேன்னு நினைக்காத. எடைக்கல்லா வேலை பார்க்கறேன்" என்று என்னிடம் சொல்வான்.

ஏணி பிடிக்க ஆள் கிடைக்காத நாளில் அண்ணி என்னைக் கூட்டிப்போவார். வழியில் நான் தொணதொணக்க மாட்டேன் என்பது அவருக்கு வசதி.

வசந்த காலத்தில் பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் சந்தில், ஒரு சுவரோரம் அந்த மரத்தைப் பார்த்தார். அன்று ஏணி கொண்டுபோகவில்லை. பூ கொட்டி முடிந்திருந்தது. கைக்கு எட்டிய துளிர்களில் நாலு இலை பறித்து, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். வழவழவென்று இருந்தது. தோட்டத்து ஆப்பிள் இலை என்றால் அடியில் மெல்லிய ரோமம் இருக்குமாம். ஆக, இது காட்டு ஆப்பிள். எங்கள் மலையூரில் அதுவரை யாரும் அதைக் கண்டதில்லை. அன்று சாப்பிடும்போது அண்ணி இரண்டு முறை காரணமில்லாமல் சிரித்தார்.

அந்தச் சந்தில்தான் புதுச் சாலை வருவதாக இருந்தது. அபூர்வமான காட்டு மரம் என்பதால் அதை வெட்டாமல் சாலையை வளைக்க முடிவு செய்தார்கள். வளைத்தால் எதிரே இருந்த தையல்காரர் கடையின் முன்பக்கத்தை இடிக்க வேண்டிவரும். இலையுதிர் காலத்தில் பழத்தையும் பார்த்து உறுதி சொல்லச் சொன்னார் மேலதிகாரி.

அப்படித்தான் அண்ணி மறுபடி போனார், இந்த முறை ஏணியோடும் என்னோடும். தையல்காரர் எங்களைத் திட்டவில்லை. உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டார். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மேலே போன அண்ணி கிளை கிளையாக இலைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு பழத்தை என் கையில் போட்டார். காட்டு ஆப்பிள் நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் என்று சொல்லியிருந்தார். இது என் உள்ளங்கையை அடைத்தது. உச்சிக்கிளை இலையின் அடியில் ரோமம் இருந்தது.

இறங்கி வந்து கீழ்த் துளிர்களைப் பார்த்தார். அவை வழவழப்பாகவே இருந்தன. ஒரே மரத்தில் இரண்டு இலை. அப்படியே குந்தி, அடிமரத்தைக் கையால் தடவிக்கொண்டே வந்தார். முழங்கால் உயரத்தில், முறிந்து சேர்ந்த எலும்பு மாதிரி ஒரு புடைப்பு. கை அங்கேயே நின்றது.

"ஒட்டுக் கட்டின மரம்" என்றார் என்னிடம் மெதுவாக. "ஒட்டுக்கு மேல தோட்டத்து ஆப்பிள், அடியில வேற ஜாதி. நான் பறிச்சது கீழ, வேர்லேர்ந்து வந்த துளிர்."

வசந்தத்தில் பறித்த இலை அலுவலகத்தில் பத்திரமாக இருந்தது. அதை வைத்தே காட்டு மரம்தான் என்று சாதித்திருக்கலாம். மேலே இருந்ததைப் பார்த்தது நாங்கள் இருவர் மட்டும்தான். அண்ணி பழத்தை என்னிடமிருந்து வாங்கி, சேலைத் தலைப்பில் துடைத்தார், அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல.

தையல்காரர் வாசலுக்கு வந்து, காடா தோட்டமா என்று கேட்டார்.

"தோட்டத்து மரம்ங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். உங்க கடைக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் மரத்தையும் அண்ணியையும் பார்த்தார். "அளவெடுக்காம வெட்டின துணி என்கிட்டயும் இருக்கும்மா. உள்ள வாங்க, தண்ணி குடிங்க" என்றார்.

அலுவலகத்தில் கொஞ்ச நாள் அண்ணிக்கு 'அரை ஆப்பிள்' என்று பேர் ஓடியது. மரத்தை வெட்டிவிட்டார்கள். வெட்டுவதற்கு முன் அண்ணி கடப்பாரையோடு போய், கீழ்த் துளிர்களில் மூன்றை வேரோடு பெயர்த்து வந்து எங்கள் கொல்லையில் நட்டார். ஒன்று பிழைத்தது. அதன் கழுத்தில் ஒரு தகரத் துண்டைக் கட்டினார். அதில் பேர் எதுவும் எழுதவில்லை.

"இதாவது காடா?" என்று அண்ணன் கேட்டான்.

"தெரியலை. காய்க்கட்டும்."

"அதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும்."

இந்த வருஷமும் இலை உதிர்கிறது. காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் அண்ணி அந்தச் செடியிடம் குனிந்து, ஒரு இலையைப் பறிக்காமல் திருப்பிப் பிடித்துக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார். பிறகு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறார். இப்போதெல்லாம் ஏணி இல்லாமல் அவர் கிளம்புவதில்லை.